வலியும் மெலிவும்: சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் வரலாறு குறித்த ஓர் ஆய்வு

சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் பெற்றிருந்த வாணிகப் பேராற்றல் ஏன் அழிந்தது என்னும் வினாவுக்கு வரலாற்று நூல்கள் பலவும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன. ஆங்கிலேயர் வலியராயினர், ஒல்லாந்தர் மெலியராயினர், மெலியார் இடத்தை வலியார் கொண்டனர் என்பதே அவ்விடை. இது நிகழ்ச்சியை எடுத்துரைப்பதேயன்றி அதன் காரணத்தைக் கூறுவதன்று. 17ஆம் நூற்றாண்டில் இக்கரையில் தமக்கு நிகர் இல்லாதிருந்த ஒரு கூட்டத்தார்க்கு மெலிவு எவ்வழியாக வந்தது என்பதன்றோ வினா? மெலிவு புறத்திருந்து வந்ததன்று. அவர்தம் வலி எதுவோ அதுவே மெலிவாக முதிர்ந்தது என்பது எம் கருத்து. செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே சில கல் தொலைவில், கல்பாக்கத்தை அடுத்துக் கிடக்கும் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையை முன்னிறுத்தி இக்கருத்தை ஆராய முற்படுகிறோம்.

வலியே மெலிவாகும் என்னும் எண்ணத்தை உலக இலக்கியத்தில் மிகுந்த துணிவோடு கூறியது சீனநாட்டுத் தாவோ நெறி. லாவோட்சு என்பார் பெயரால் வழங்கும் தாவோ தே சிங் 81 சிறு பகுதிகளால் ஆயது. 1973இல் மாவாங்துயிக் கல்லறையிலிருந்து பட்டிலெழுதிய படிகளும், 1993இல் குவோதியன் என்னுமிடத்திலிருந்து மூங்கிற் சீவல்களில் எழுதிய பகுதிகளும் கிடைத்தபின், இந்நூலின் கருத்துக்கள் கி.மு. 300ஐ ஒட்டியே வழக்கில் இருந்தமை ஐயத்துக்கு இடமின்றி விளங்கிற்று. உயிருள்ளது வளையும், உயிர் நீங்கியது விறைக்கும். ஆதலின் விறைப்பு வலியின் அடையாளம்போல் தோன்றினும் சாவின் இனத்தது என்பது அந்நூற் கருத்துக்களுள் ஒன்று. எப்பொருளும் தன் வலியின் உச்சியைத் தொட்டதும் முதுமை எய்தத் தொடங்குகிறது என்பது மற்றொன்று. செல்வம் நிறைந்த மாளிகையைக் காத்துக்கொள்ளுதல் எவர்க்கும் இயலாது என்பதும் அதன்கண் உண்டு. ‘பணிவு நன்று’ என்னும் பொதுவான அறவுரையாக இவற்றைக் கொள்வது பொருந்தாது. பொருள்களின் இயக்கமே எதிர்த்திசைக்குத் திரும்புவது என்னும் மெய்ப்பொருட் கொள்கையிலிருந்து இவை பிறந்தன.

இக்கொள்கைக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு இருந்ததோ எனின், இருந்தது என்பதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. கி.பி. 647இல் காமரூப அரசன் வேண்டுகோளை ஒட்டி, தாங் பேரரசர் தாய்சுங் ஆணையால், லாவோட்சுவின் நூலை வடமொழியில் பெயர்க்கும் பணி யுவான் சுவாங்கிடம் ஒப்புவிக்கப்பட்டது எனச் சீனப் பௌத்த நூல்கள் கூறும். சில ஆண்டுகளுக்குமுன் காஞ்சிமாநகரைக் கண்டு சென்ற அதே யுவான் சுவாங்கே இவர். ‘தாவோ’ என்னும் சொல்லை ‘போதி’ எனப் பெயர்க்கவேண்டும் எனத் தாவோ நெறியினர் வற்புறுத்த, அவர் ‘மார்க்கம்’ என்பதே தகும் எனப் போராடினாராம். அம்மொழிபெயர்ப்பு இன்று கிடைத்திலது. தமிழில் பெயர்த்திருப்பின் இப்பூசல் எழுந்திராது எனத் தோன்றுகிறது. ‘ஆறு’ என்னும் நம் சொல் வழியையும் குறிக்கும், நீரொழுக்கையும் குறிக்கும். தாவோவை நீரோடு ஒப்பிட்டுப் பேசிச் சலியாத ஒரு நூலுக்கு இதனினும் பொருத்தமான சொல் வேறெது?

பாலாறு கடலொடு கலக்கும் முகத்துவாரம் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூரை ஒட்டியுள்ளது. அவ்வூர்த் தூணொன்றில் பல்லவர் குலமுறையை நெடிதாகக் கூறும் இராசசிம்மன் கல்வெட்டு உள்ளது. இவ்விராசசிம்மனே, அஃதாவது இரண்டாம் நரசிம்மவர்மனே, கி.பி. 720இல் சீனப் பேரரசுக்குத் தூது விடுத்தவன். தன் யானைப்படையையும் குதிரைப்படையையும் கொண்டு அராபியரையும் திபேத்தியரையும் ஒறுக்க முன்வந்து, அப்படைக்கு ஒரு பெயர் தருமாறு அவன் வேண்டினான் எனவும், ‘அறத்தைப் போற்றும் படை’ எனப் பொருள்படும் பெயரைப் பேரரசர் அளித்தார் எனவும் சீன வரலாற்றுக் குறிப்புக்கள் கூறும். அப்பெயரில் அறத்தைக் குறிக்க நின்ற ‘தே’ என்னும் சொல்லே லாவோட்சுவின் நூற்பெயரிலும் நிற்பது. இதனைக் கொண்டு பல்லவர் தாவோ நெறி அறிந்தவர் என்று கூறுதல் மிகையாகும். யாம் அவ்வாறு கூறவில்லை. வலியைப் பற்றிய பேச்சு இக்கடற்கரைக்கும் சீனத்துக்கும் இடையே ஒருகால் நடந்தது என்ற அளவே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

இனி ஊரின் பெயரைச் சிறிது நோக்குவோம். 14ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட சம்புவராயருள் இராசநாராயணன் என்பான் பெயரால் இவ்வூர் இராசநாராயணன் பட்டினம் எனப்பட்டது. அவன் காலத்துக் கல்வெட்டொன்றால் சதிரவாசகன் பட்டினம் என்னும் பெயரும் அறியப்படுகிறது. அரசன் இட்ட பெயர் அவன் குலத்தோடு மறைந்தது. மற்றைப் பெயரே திரிந்து ‘சதுரங்கப்பட்டினம்’ என நிலைத்தது எனக் கொள்ளலாம். பொருள் விளங்காத பழம்பெயரை விளங்கும் சொல்லாக மாற்றிக்கொள்ளுதல் மக்கள் வழக்கின் இயல்பு. மாறிய சொல்லோ யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும், அப்படையைப் பலகைமேல் வைத்து ஆடும் ஆட்டத்தையும் குறிப்பது. நெய்த துணியால் பெயர் பெற்ற ஊருக்குப் படையின் பெயர் வாய்த்தமை தற்செயலே. ஒல்லாந்தர் நாவில் அது ‘சட்ராஸ்’ எனக் குறுகியது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தோன்றியது. அதன் நாட்டம் முதற்கண் நம் நாட்டின்மேல் இல்லை. கீழைத் தீவுகளில் விளையும் கிராம்பு, சாதிக்காய், சாதிபத்திரி ஆகியவற்றின்மேல் இருந்தது. அத்தீவினர் ஐரோப்பியப் பண்டங்களை விரும்பிலர். வெள்ளியைக் காட்டிலும் சோழமண்டலத் துணியையே அவர்கள் மிகுதியும் வேண்டினர். ஆதலின் தீவுகளில் நறும்பொருள் வாங்குதற்கு இக்கரையில் துணி வாங்குதல் இன்றியமையாததாயிற்று. மசூலிப்பட்டினத்தில் 1605இலும், பழவேற்காட்டில் 1610இலும் அவர்கள் இடம்பெற்றனர். சதுரங்கப்பட்டினத்துப் பண்டகசாலையும் அந்நூற்றாண்டிலேயே எழுந்தது. மெல்லிய மஸ்லின் துணி இங்கே பெயர்பெற்றது. செங்கல்லும் இங்கிருந்து ஏற்றுமதியாயிற்று.

இத்தொடக்க நிலையில் ஒல்லாந்தரின் வலி யாது? கோட்டையன்று, படையன்று, நிலமன்று. ஒரு கரையில் வாங்கி மற்றொரு கரையில் விற்று, அங்கு வாங்கியதை வேறொரு கரையில் விற்று, ஆசியக் கடல் முழுவதும் தம் முதலைச் சுழலவிட்ட நெகிழ்ச்சியே அவர்தம் வலி. ஐரோப்பாவிலிருந்து கொணரும் வெள்ளி சிறிதாயினும் வாணிகம் பெரிதாக நடந்தது இதனாலேயாம். போர்த்துக்கீசியர் தம் கோட்டைகளைக் காப்பதில் முதல் இழந்துகொண்டிருந்த காலத்தில், ஒல்லாந்தர் நாயக்கர்களிடமும் சிற்றரசர்களிடமும் கௌல் பெற்று, சுங்கச் சலுகையோடு அமைந்து வாணிகம் செய்தனர். இந்நிலை நெடிது நில்லாமைக்குக் காரணம் தோல்வியன்று, வெற்றியே.

1621இல் பாண்டாத் தீவுகளை ஒல்லாந்த ஆளுநர் கூன் கைப்பற்றினார். அத்தீவின் பழங்குடிகளுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், அல்லது அடிமைகளாக்கப்பட்டனர், அல்லது பட்டினியால் மாண்டனர். உலகின் சாதிக்காய் முழுவதும் ஒரு கம்பெனியின் கையில் வந்தது. கிராம்பையும் அம்போன் தீவளவில் சுருக்கி, பிற தீவுகளில் நின்ற கிராம்பு மரங்களை ஆண்டுதோறும் படை விட்டு வெட்டினர். வாணிக வரலாற்றில் இத்துணை முழுமையான தனியுரிமையை எய்தியோர் அரியர். ஆயினும் தனியுரிமை என்பது பெற்றவுடன் முடிந்துவிடும் செயலன்று; நாளும் காக்கப்படவேண்டுவது. காவற் கப்பல்கள், கோட்டைகள், படைவீரர், அவர்க்குச் சம்பளம் என அது செலவாகப் பெருகியது. இதற்கிடையே ஐரோப்பியர் நாவின் சுவையும் மாறியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நறும்பொருள்கள் பெற்றிருந்த முதலிடத்தைத் துணியும், பின்னர்த் தேயிலையும் காப்பியும் பெற்றன. எப்பண்டத்தின்மேல் ஒல்லாந்தர் அசைக்கலாகா வலி பெற்றிருந்தனரோ அப்பண்டம் சிறுத்தது. அதனைக் காக்கும் செலவோ சிறுத்திலது.

பத்தேவிய நகரின் செய்தியும் இத்தகையதே. ஆசியாவில் வாங்கிய சரக்கெல்லாம் சாவகத்துப் பத்தேவியாவில் குவிந்து, அங்கிருந்து ஒரே ஒழுங்கில் தாயகம் சென்றது. ஆசிய வாணிகத்தைச் சுழலவிட்ட காலத்தில் இவ்வொருமுகப்பாடு பேராற்றலாக விளங்கியது. தேயிலைக் காலத்தில் அதுவே விலங்காயிற்று. ஆங்கிலேயர் காந்தன் துறையிலிருந்து நேரே இலண்டனுக்குப் புதுத்தேயிலை ஏற்றிச் செல்ல, ஒல்லாந்தர் தம் தேயிலையைப் பத்தேவியா வழியாகக் கொணர்ந்தனர். அதன் மணம் வழியிலேயே குன்றிற்று. காந்தனிலிருந்து நேரே வாங்கும் முறையை அவர்கள் செவ்வனே அமைக்க 1750களின் பிற்பகுதி ஆயிற்று. அமைப்பு சீர்கெட்டதனால் இத்தாழ்வு வரவில்லை என்பதை ஈண்டு வற்புறுத்த விரும்புகிறோம். அமைப்பு தொடங்கிய நாளிற் போலவே செம்மையாக இயங்கிற்று. செம்மையாக இயங்கியமையாலேயே அதனை மாற்ற எவர்க்கும் மனம் வரவில்லை.

சோழமண்டலக் கரையிலும் அதே மனப்பாங்கு கோட்டைகளாக எழுந்தது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்ற நாகப்பட்டினத்தில் பெரும்பொருட் செலவில் அரணமைத்து, 1690இல் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தை அங்கே மாற்றினர். 1693இல் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றி அரண் செய்தனர். 1697ஆம் ஆண்டின் ரிஸ்விக் உடன்படிக்கையால் அதனைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. சதுரங்கப்பட்டினத்தில் இன்று நாம் காணும் செங்கற்கோட்டை இம்மனப்பாங்கின் சிறியதொரு வடிவம். ஒருபுறம் ஆங்கிலேயர் சென்னைக் கோட்டையும் மறுபுறம் புதுச்சேரியும் இருக்க, இடையே நின்ற இக்கோட்டை எவரையும் அச்சுறுத்தும் அளவினதன்று. பெருந்தாக்குதலைத் தாங்கும் அளவினதுமன்று. ஆயினும் கோட்டை என்றாகிவிட்டமையால் போர் வந்தால் கைப்பற்றத்தக்க பொருளாக அது நின்றது. திறந்த பண்டகசாலையாக இருந்திருப்பின் அதனைக் கைப்பற்றுவதனால் பகைவர் அடையும் புகழும் பயனும் குறைவாகவே இருந்திருக்கும்.

கோட்டைக்குப் புறத்தே தறிமுன் இருந்த நெசவாளரை நோக்கின் வேறொரு காட்சி தோன்றுகிறது. இப்பகுதி சற்று விரித்துரைக்கத்தக்கது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இக்கரையில் நெசவு முன்பணத்தால் நடந்தது. வாணிகர் வழியாக நெசவாளர்க்கு முன்பணம் சென்றது. வாங்கியவன் விரும்பினால் அதனைத் திருப்பித் தந்து ஒப்பந்தத்திலிருந்து நீங்கலாம். கொடுத்தவன் அவ்வாறு நீங்க இயலாது என்பது வழக்கம். துணிக்குத் தேவை மிகுந்த காலத்தில் நெசவாளர் ஒரு வாணிகரின் பணத்தைத் தந்துவிட்டு மற்றொருவரிடம் சென்றனர். பஞ்சின் விலையோ அரிசியின் விலையோ ஏறியபொழுது, விலை உயர்த்தித் தருமாறு கேட்பதோடன்றி, நூலிழையின் எண்ணிக்கையைக் குறைத்துத் தம் இழப்பை ஈடுசெய்துகொண்டனர். இழை குறைந்தது என ஐரோப்பியக் கம்பெனியார் ஓயாது முறையிட்டனர். நெருக்கடி மிகுமாயின் நெசவாளர் இறுதியாகச் செய்தது ஊரைவிட்டுப் போதல். தறியைப் பிரித்து எடுத்துச் செல்லலாம். கலையோ கையில் உள்ளது. வேறோர் ஊர்த் தலைவன் வரிச்சலுகை தந்து குடியேற்றக் காத்திருந்தான். கோட்டையின் பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன. ஊரைவிட்டுப் போவோனை அவற்றால் என் செய்தல் கூடும்?

ஒல்லாந்தர் இதனை அறியாதவரல்லர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் பண்டகசாலைகளில் உள்ளூர் வாணிகரைப் பங்குமுதற் கூட்டங்களாகச் சேர்த்து, துணி கொடுக்கும் பொறுப்பையும் வாராக்கடன் சுமையையும் அவர்மேல் வைத்தனர். விலையில் போட்டி ஒழிந்தது, ஒழுங்கு வந்தது, சிறிது காலம் பயன் விளைந்தது. ஆனால் தனித்தனி வாணிகராக இருந்தபோது ஒருவர் நொடித்தால் மற்றொருவர் இருந்தார். கூட்டம் நொடித்தபோது கம்பெனியின் முதலே முடங்கிற்று. கட்டு இறுகும்தோறும் முறிவு ஓரிடத்தில் நில்லாது எங்கும் பரவும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

திருவள்ளுவரின் வலியறிதல் அதிகாரத்தை இவ்விடத்தில் வைத்து நோக்குதல் பயனுடைத்து. அரசன் அறியவேண்டிய வலி நால்வகைத்து எனத் தொடங்கும் அவ்வதிகாரம், மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றின் வண்டி அச்சு முறியும் என்னும் உவமையை இடையில் வைக்கிறது. எளியர் எனக் கருதிப் பலரோடு பகைகொள்வான், அவர் ஒருங்கு கூடியவழி வலியழிவான் எனப் பரிமேலழகர் இதற்குப் பொருள் உரைப்பர். பிறிதுமொழிதல் ஆதலின் இவ்வுரை அமையும். ஆயினும் அதிகாரத்தின் இறுதி நான்கு குறள்களும் போரை விட்டு வரவு செலவைப் பேசுகின்றன என்பதை நோக்குதல் வேண்டும். படைவலி பற்றிய அதிகாரத்தில் கணக்கு ஏன் வந்தது? தன்வலி என்பது தன் வாளன்று, தன் வருவாயும் அதன் போக்குமே என வள்ளுவர் கருதினார் என்பது எம் துணிபு. ஆகாறு சிறிதாயினும் கேடில்லை, போகாறு அதனின் அகலாதவரை என்பது அவர் தரும் அளவை. ஈண்டும் அவர் ‘ஆறு’ என்ற சொல்லையே ஆண்டமை கருதத்தக்கது.

ஒல்லாந்தக் கம்பெனியின் கணக்கை இவ்வளவையால் அளந்து பார்ப்போம். 1690 முதல் 1760 வரையுள்ள ஏழு பத்தாண்டுகளில், 1710க்கும் 1720க்கும் இடைப்பட்ட பத்தாண்டு நீங்கலாக மற்றெல்லாவற்றிலும், அக்கம்பெனி ஐரோப்பாவில் ஈட்டியதைவிட மிகுதியாகவே பங்குதாரர்க்கு ஆதாயம் கொடுத்தது எனப் பொருளியல் வரலாற்றாசிரியர் கணக்கிட்டுள்ளனர். அதற்கு ஆசியாவிலிருந்த முதல் கரைந்தது. பின்னர்க் கடன் வளர்ந்தது. இதனினும் வியப்பு ஒன்று உண்டு. தாயகக் கணக்கும் பத்தேவியக் கணக்கும் தனித்தனியே எழுதப்பட்டு, இரண்டும் சேர்ந்த முழுக்கணக்கு எழுதப்படவே இல்லை. எனவே கம்பெனி உண்மையில் ஊதியம் ஈட்டுகிறதா, இழக்கிறதா என்பதை அதன் இயக்குநர்களே திட்டமாக அறியக்கூடவில்லை. தன்வலி அறியாமை என்பதற்கு இதனினும் நேரான பொருள் வேறுண்டோ? பங்கு ஆதாயம் தவறாது வந்தமையால் பங்கின் விலை உயர்ந்து நின்றது. கடன் கொடுப்போர் தயங்கிலர். வலியுடையார் என்ற புகழே செலவைப் பெருக்கி வலியை உண்டது.

கோட்டை வலிமை குன்றிய காலத்தில் சதுரங்கப்பட்டினத்துக்கு ஒரு சிறப்பு வந்து சேர்ந்தது. கருநாடகப் போர்களில் ஒல்லாந்தர் எப்பக்கமும் சேராதிருந்தமையால், 1754ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேசுதற்குரிய பொதுவிடமாக இவ்வூரையே தேர்ந்தனர். ஆங்கிலேயர் சார்பில் பால்க்கும் வான்சிட்டார்ட்டும் வந்தனர். கருநாடக நவாப்பு யார் என்பதே வழக்கு. முகம்மது அலியே நவாப்பு என்றனர் ஆங்கிலேயர். தக்காணச் சுபேதாரிடமிருந்து தாம் பெற்ற பட்டங்களை டூப்ளே விட்டுக்கொடுக்க மறுத்தார். ஆவணங்களின் உண்மை பற்றியும் பூசல் எழுந்தது, பேச்சு முறிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கோதேயு புதுச்சேரி வந்திறங்கி டூப்ளேயின் அதிகாரத்தை ஏற்றார். இந்திய அரசர் பட்டங்களைத் தாமே சூடிக்கொள்ளும் அளவு உயர்ந்தவர், 1763இல் பாரிசில் வறுமையுற்று மறைந்தார். பட்டம் அவர்க்கு வலியாக இருந்த காலமும் உண்டு. விட்டுவிட வேண்டிய நேரத்தில் விடமுடியாத பொருளானபின் அது பாரமாயிற்று. இவ்வளவும் ஒரு நடுநிலை ஊரில், படைவலி இன்மையாலேயே அவ்விரு திறத்தாரும் நம்பிய இடத்தில் நிகழ்ந்தது.

1780 டிசம்பரில் ஆங்கிலேயர் ஒல்லாந்தின்மேல் போர் தொடுத்தனர். அமெரிக்க விடுதலைப் போரின் கிளையாக எழுந்த அப்போரின் செய்தி இக்கரை வந்ததும், 1781இல் சதுரங்கப்பட்டினம் அவர்கள் கைக்குச் சென்று கோட்டையும் சிதைந்தது. பெருஞ்செலவில் எழுப்பிய நாகப்பட்டினம் அவ்வாண்டு நவம்பரில் சில வார முற்றுகைக்குப்பின் வீழ்ந்தது. 1782 பிப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் பொருதனர். வெற்றி தோல்வி தெளிவாகாத அக்கடற்போருக்குச் ‘சட்ராஸ் போர்’ என்று பெயர். ஒல்லாந்தர் ஊரின் பெயர் பெற்ற போரில் ஒல்லாந்தர் பங்கு ஏதுமில்லை. 1796இல் கம்பெனியின் ஆட்சியை ஒல்லாந்த அரசு மேற்கொண்டது. 1799 டிசம்பர் 31ஆம் நாளோடு கம்பெனி முடிந்தது. 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் கொண்ட சதுரங்கப்பட்டினம் 1818இல் ஒல்லாந்தர்க்குத் திரும்பக் கிடைத்தது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழி 1825இல் அது என்றென்றைக்குமாக அவர் கைவிட்டு நீங்கியது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். வலி மெலிவாக முடியும் எனின், ஒல்லாந்தரினும் வலிய ஆங்கிலேயர் எவ்வாறு நிலைத்தனர்? மெல்லியது வெல்லும் எனின், பெயர்ந்து செல்லும் ஆற்றலையே அரணாகக் கொண்ட நெசவாளர் ஏன் வென்றிலர்? இத்தடை புறந்தள்ளத்தக்கதன்று. 1760களில் செங்கற்பட்டுச் சீமை ஆங்கிலேயர்க்கு ஜாகீராகக் கிடைத்தபின், அவர்கள் வெறும் வாணிகராக இல்லை. நிலத்துக்கும் வரிக்கும் உரியவராயினர். அரசாட்சி பரவப் பரவ, நெசவாளன் விட்டுச் செல்லும் ஊரும் சென்று சேரும் ஊரும் ஒருவர் ஆணைக்கே உட்பட்டன. முன்பணத்தைத் திருப்பித் தந்து நீங்கும் உரிமை அவனிடமிருந்து பறிக்கப்பட்டது. குடியேற அழைக்கும் தலைவனும் இல்லாமற் போயினான். 19ஆம் நூற்றாண்டில் எந்திரத் துணியின் வரவு எஞ்சியதையும் நலிவித்தது. நீர் கல்லை வெல்லும் என்னும் லாவோட்சுவின் உவமை, நீர் பாய்வதற்குத் தாழ்நிலம் உண்டு என்பதைச் சொல்லாமலே கொண்டுள்ளது. நாற்புறமும் கரை எழுப்பிவிட்டால் நீரும் தேங்கும். தாவோ நூலைப் போற்றுவோர் இவ்வரையறையைப் பெரும்பாலும் கருதுவதில்லை என்பது எம் குறை.

வள்ளுவர்க்கும் லாவோட்சுவுக்கும் உள்ள வேறுபாடும் இவ்விடத்தே தெளிவாகிறது. வள்ளுவர் வலியைப் பழித்திலர்; அளக்கச் சொன்னார். அளந்து நடப்பானுக்கு வலி தீங்காகாது என்பது அவர் நிலை. லாவோட்சுவோ அளந்து கொண்ட வலியும் முதிரும், முதிர்ந்தது விழும் என்றார். கம்பெனி ஈட்டியதினும் மிகுதியாகப் பகிர்ந்து கொடுத்தமை வள்ளுவர் காட்டிய கேடு. கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருப்பின் அதனைத் தவிர்த்திருக்கலாம். சாதிக்காய்த் தனியுரிமையும் பத்தேவிய அமைப்பும் அவ்வகையின அல்ல. அவற்றுள் அளவு மீறியது எதுவும் இல்லை. ஒரு காலத்துக்கு மிகப் பொருந்தியமையே அடுத்த காலத்துக்குப் பொருந்தாமைக்குக் காரணமாயிற்று. இது லாவோட்சு கண்ட கேடு. இவ்விருவகைக் கேட்டையும் ‘ஊழல்’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிடும் வழக்கம் வரலாற்று நூல்களில் உண்டு. கம்பெனிப் பணியாளர் தம் கணக்கில் கள்ள வாணிகம் செய்தது மெய்யே. ஆங்கிலக் கம்பெனியின் பணியாளரும் அதனையே செய்தனர் ஆதலின், ஒருவர் வீழ்ச்சிக்கும் மற்றவர் எழுச்சிக்கும் அதனை ஒருங்கே காரணமாக்குதல் முறையாகாது.

ஆங்கிலக் கம்பெனியின் பிற்கால வரலாறும் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானதன்று. நிலம் பெற்றமையால் ஒல்லாந்தரை விஞ்சிய அது, நிலம் பெற்றமையாலேயே வாணிக நிலையத்தின் இயல்பை இழந்தது. 1813இல் இந்திய வாணிகத் தனியுரிமையும், 1833இல் சீன வாணிகத் தனியுரிமையும் அதனிடமிருந்து நீங்கின. 1858இல் ஆட்சியும் போயிற்று. 1874இல் கம்பெனி கலைக்கப்பட்டபோது, சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கொடி இறங்கி 49 ஆண்டுகளே ஆகியிருந்தன.